துக்க வீட்டில் நியாயாசனம் போடாதீர்கள்: போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு திறந்த மடல்

அடக்க ஆராதனைகளிலும் துக்க வீட்டு ஜெபங்களிலும் செய்தி கொடுக்கிற போதகர் ஐயாமாருக்கும், உபதேசியார்களுக்கும், ஊர் ஊராக அழைக்கப்பட்டுப் போகிற சுவிசேஷகர்களுக்கும், இவர்களை அனுப்பிவைக்கிற, பல சபைகள் சேர்ந்த சேகரத்தை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்துச் சபையில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 34 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். வேதசாஸ்திரக் கல்லூரியின் வாசலை மிதித்தவள் அல்ல. ஆனால் மரணத்தை உங்களில் பலரைவிட அதிகமாகவும் அருகிலிருந்தும் பார்த்திருக்கிறேன். மூச்சு நின்றபின் கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, அதன்பிறகே வெளியே காத்திருக்கிறவர்களிடம் போய்ச் சொல்வது என் வேலையாக இருந்தது. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கடந்த மாதம் ஒரு துக்க வீட்டில் நான் கேட்ட பிரசங்கம்தான் இதற்குக் காரணம். பிரசங்கித்தவர் யார், எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று சொல்லப்போவதில்லை. அவர் ஒருவரைக் குற்றப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே வார்த்தைகளை இதற்குமுன் வேறு வாய்களிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

இறந்தவர் எங்கள் ஆஸ்பத்திரியில் 31 ஆண்டுகள் வார்டு ஆயாவாக வேலை பார்த்தவர். டாக்டர் முதல் கேன்டீன் பையன் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ஆயாம்மாதான். ஞானஸ்நானம் பெறாதவர். மகள் மட்டும் எங்கள் சபைக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, திருமணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டாள். கடைசி ஐந்து ஆண்டுகள் ஆயாம்மா மகள் வீட்டில்தான் இருந்தார். உயிர் பிரிந்ததும் அங்கேதான்.

அவர் செய்த வேலையை ஒரே ஒரு இரவைக்கொண்டு சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்த ஒரு பெரியவரை யாரோ ஆட்டோவில் ஏற்றி வந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கணுக்காலில் பழைய புண். அதில் புழு வைத்திருந்தது. அப்படிப்பட்ட புண்ணில் டர்பன்டைன் எண்ணெயை விட்டால் புழுக்கள் மூச்சுமுட்டி மேலே வரும். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். அன்றைக்கு மின்சாரம் இல்லை. நான் எடுத்துக்கொண்டிருக்க, ஆயாம்மா ஒரு கையில் டார்ச் விளக்கையும் மறு கையில் அந்தப் பெரியவரின் முகவாயையும் பிடித்துக்கொண்டு, அவர் குனிந்து தன் காலைப் பார்த்துவிடாதபடி, "ஒங்க ஊர்ல இந்த வருசம் கொளம் பெருகிச்சா அண்ணாச்சி?" என்று குளத்தையும் நெல்லையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம். வேலை முடிந்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தார். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அவருக்குக் கஞ்சி கொடுத்தார். அந்தப் பெரியவர் 19 நாட்கள் எங்கள் வார்டில் இருந்தார். அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததும், முதுகில் புண் வராமல் காத்ததும் பெரும்பாலும் ஆயாம்மாவின் கைகள்தான். இது அவருடைய 31 ஆண்டுகளில் ஓர் இரவு.

அந்தக் கைகள் வெள்ளைத் துணியின்மேல் கோர்த்து வைக்கப்பட்டிருக்கும்போதுதான், மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான், பிரசங்கியார் சொன்னார்: இந்த அம்மா நிறைய நன்மை செய்தார்கள் என்று சொல்கிறார்கள், ஆனால் வேதம் என்ன சொல்கிறது, மனுஷருடைய நீதியெல்லாம் அழுக்கான கந்தை, கிறிஸ்துவை அறிக்கையிடாமல் போனவர்கள் எங்கே போவார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களாவது இன்றைக்கே தீர்மானம் எடுங்கள். மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். அழுகையை நிறுத்துகிற அளவுக்கு ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை ஆஸ்பத்திரியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அழுக்கான கந்தை என்றால் என்னவென்று ஆயாம்மாவுக்குத் தெரியும். அங்கே கூடியிருந்த எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதைத் துவைத்துத்தான் அவர் பிழைத்தார்.

அந்த வசனத்தை நீங்கள் மறுபடியும் எடுத்துப் படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஏசாயா 64:6. "நாங்கள் அனைவரும் தீட்டானவர்கள்போல இருக்கிறோம், எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது" என்று நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நாம் வேறு, நாங்கள் வேறு என்கிற வேறுபாட்டைத் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிற மொழியில் இதைப் படிக்கிறோம். தீர்க்கதரிசி கர்த்தரை நோக்கித் தன் சொந்த ஜனத்துக்காகப் பாவ அறிக்கை செய்கிறார். அதனால்தான் அது "நாங்கள்" என்று வருகிறது. தேவாலயத்தையும் பலிகளையும் உடன்படிக்கையையும் கையில் வைத்திருந்தவர்கள், எங்கள் நீதியே கந்தை என்று தங்களைக் குறித்து அழுத வசனம் அது. "எங்களுடைய" என்பதை எடுத்துவிட்டு "அவர்களுடைய" என்று மாற்றி, அடுத்தவருடைய பிரேதத்தின்மேல் அதைப் போர்த்துவதற்கு உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? சபையாரைப் பார்த்து, "ஆராதனைக்குத் தவறாமல் வருகிற எங்களுடைய நீதிகளெல்லாம்" என்று ஒருவரும் இந்த வசனத்தை ஒரு அறுப்பின் பண்டிகையில் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

நான் கிருபையை மறுக்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடவேண்டாம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பதை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் நானும். எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9-ஆம் வசனங்கள் எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம்போட்டு மாட்டியிருக்கின்றன. என் வருத்தமெல்லாம் நீங்கள் எப்போதும் ஒன்பதாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறீர்கள் என்பதுதான். பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்கிறதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும், அவைகளில் நாம் நடக்கும்படி அவர் முன்னதாகவே அவைகளை ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்றும் சொல்கிறது. ஒன்பதாம் வசனம் கிரியையைப் பழிக்கவில்லை. "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்று அதன் காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது. பெருமையடிக்கிற வாயை மூடுவதற்காகக் கொடுக்கப்பட்ட வசனத்தை, ஒருநாளும் தன்னைப்பற்றிப் பேசாத ஒரு கிழவியின்மேல் எறிவது எந்த நியாயம்?

இரட்சிப்பு விசுவாசத்தாலா, கிரியைகளாகிய நற்செயல்களாலா என்ற வழக்கு நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லுகிற யாக்கோபின் நிருபத்தை "வைக்கோல் நிருபம்" என்று எழுதியதை அநேகர் அறிவார்கள். அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்று எழுதியிருப்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. இந்த வழக்கில் ரோமன் கத்தோலிக்கச் சபையும் லூத்தரன் சபைகளும் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றையொன்று சபித்துக்கொண்டிருந்துவிட்டு, 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன: நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அப்படி ஏற்றுக்கொள்ளும்போது பரிசுத்த ஆவியானவரைத் தந்து நற்கிரியைகளுக்காக நம்மை ஆயத்தப்படுத்தி அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள். சீர்திருத்தச் சபைகள் 2017-இல் சேர்ந்தன. உலகச் சபை ஒருவாறு தீர்த்துக்கொண்ட வழக்கை, நாம் இன்னும் துக்க வீட்டுப் பந்தலுக்குக் கீழே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

உங்களில் படித்தவர்கள் எனக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் தெரியும். ஆங்கிலிக்கன் சபையின் 39 மதக் கோட்பாடுகளில் 13-ஆவது, கிறிஸ்துவின் கிருபையைப் பெறுவதற்குமுன் செய்யப்படும் கிரியைகள் தேவனுக்குப் பிரியமானவை அல்ல என்கிறது. சரி. ஆனால் ஆயாம்மா கிருபைக்கு முன் நின்றவரா, கிருபைக்குள் நின்றவரா என்பதை நீங்கள் எந்தப் பதிவேட்டில் பார்த்தீர்கள்? அப்போஸ்தலருடைய நடபடிகளில் வருகிற கொர்நேலியு இருந்த நிலை என்ன? செசரியாவில் இருந்த ஒரு ரோமப் படை அதிகாரி. பேதுரு அவன் வீட்டுப்படியில் கால்வைப்பதற்கு முன்பே, யாரும் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே, தேவதூதன் வந்து, "உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது" என்று சொன்னான். அழுக்கான கந்தை சந்நிதி வரைக்கும் எட்டுமா? பேதுருவே தன் மனதை மாற்றிக்கொண்டு, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று வாய்திறந்து ஒத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. பின்பு கொர்நேலியு ஞானஸ்நானம் பெற்றான் என்பது உண்மைதான். நானும் அதை விரும்பியவள்தான், ஆயாம்மாவிடம் பலமுறை பேசியும் இருக்கிறேன்.

அவர் ஏன் பெற்றுக்கொள்ளவில்லை என்பதை அங்கே பிரசங்கித்தவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆயாம்மாவின் குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, முதலில் இந்துக்களும் 1956 முதல் சீக்கியரும் 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். கிறிஸ்தவராகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை, தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். ஆயாம்மாவின் மகன் அரசாங்க வேலைக்காகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. "நான் முழுகிட்டு வந்து சுகமா ஜெபம் பண்ணிருவேன் சிஸ்டரம்மா, அவன் சர்டிபிகேட்ட யாரு காப்பாத்துவா? ஆண்டவருக்கு என் நெலம தெரியாதா?" என்று ஒருநாள் மருந்து அலமாரி அருகே நின்று கேட்டார். தாயின் ஞானஸ்நானம் மகனுடைய சான்றிதழை உண்மையில் பாதிக்குமா என்பது சட்டம் தெரிந்தவர்கள் சொல்லவேண்டியது. அந்தப் பயம் உண்மையானது. மேடையில் நின்று அறிக்கையிடச் சொல்வது நமக்குச் சுலபம், ஐயா. என் தகப்பனாருக்கும் தாத்தாவுக்கும் அந்த விலை இருந்ததில்லை.

கடைசி நாளில் ராஜா ஜனங்களை வலதுபக்கமும் இடதுபக்கமும் பிரித்து, பசித்தவருக்கும் வியாதிப்பட்டவருக்கும் செய்ததைக்கொண்டு நியாயந்தீர்க்கிற மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை நான் பிரசங்கிக்கப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுகிறேன். வலதுபக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்பது தெரியவில்லை. "ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டு" என்று திகைக்கிறார்கள். இடதுபக்கத்தாருக்கும் அதே திகைப்பு. கடைசி நாளில் தங்கள் இடம் எதுவென்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் அந்த முழுக் காட்சியில் ஒருவரும் இல்லை, ராஜாவைத் தவிர. அங்கே குறிப்பிடப்படுகிற "மிகவும் சிறியவராகிய என் சகோதரர்" கிறிஸ்துவின் சீஷர்கள் மட்டுமே என்று வியாக்கியானம் செய்கிறவர்கள் உண்டு என்பதும் அறிவேன். அப்படியே வைத்துக்கொள்வோம். எங்கள் வார்டில் ஆயாம்மா புரட்டிப் படுக்கவைத்தவர்களில் பாதிப்பேர் நம் சபை ஜனங்கள்தான். உங்கள் முன்னோடிகளில் ஒருவருக்கு, பக்கவாதம் வந்து வாய் கோணிப்போய்க் கிடந்த ஓர் ஓய்வுபெற்ற உபதேசியாருக்கு, ஆறு வாரம் ஊட்டிவிட்டவர் ஆயாம்மாதான்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும், கசப்பாக இருந்தாலும். இதே ஆண்டில் நம் சபையின் பெரிய மனிதர் ஒருவர் காலமானார். மீட்டர் வட்டிக்கும் கந்து வட்டிக்கும் பணம் கொடுத்து, இரண்டு குடும்பங்களை ஊரைவிட்டே ஓடவைத்தவர் என்பது பெட்டியைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆலயத்துக்கு மின்விசிறிகளும் ஒலிபெருக்கியும் வாங்கிக்கொடுத்தவர் என்பதும் தெரியும். அவருடைய அடக்க ஆராதனையில், "நல்ல போராட்டத்தைப் போராடினார், ஓட்டத்தை முடித்தார், நீதியின் கிரீடம் அவருக்காக வைக்கப்பட்டிருக்கிறது" என்று பிரசங்கம் நடந்தது. அவர் நரகத்துக்குப் போனார் என்று நீங்கள் சொல்லியிருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை; தேவனுடைய இரக்கம் அவருக்கும் தேவை, அவருக்கும் கிடைக்கட்டும். ஆனால் அவருடைய கிரியைகளைப் பார்க்காமல் கிருபையைக் கொடுத்த அதே நாவு, ஆயாம்மாவின் கிரியைகளைப் பார்த்தும் கிருபையை மறுத்தது. ஒரே தராசில் இரண்டு படிக்கல். "என்னை நோக்கி: கர்த்தாவே! கர்த்தாவே! என்று சொல்லுகிறவன்" அல்ல, பிதாவின் சித்தத்தின்படி செய்கிறவனே பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பான் என்கிற வசனம் துக்க வீடுகளில் மட்டும் ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லையோ!

அடக்கம்பண்ணும் இடத்தைப் பற்றியும் சொல்லுகிறேன். மகள் தன் தாயைச் சபைக் கல்லறைத் தோட்டத்தில், தன் பிள்ளை ஒன்று கிடக்கிற இடத்துக்கு அருகே வைக்கவேண்டுமென்று ஆசைப்பட்டாள். பதிவேட்டில் பெயரில்லை என்று மறுத்துவிட்டார்கள். பஞ்சாயத்துச் சுடுகாட்டுக்கு அருகே அடக்கம் நடந்தது. இதில் உங்கள் பக்கத்து நியாயத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பதும், ஒருவருக்குக் கொடுத்தால் ஒன்பதுபேர் கேட்பார்கள் என்பதும் உண்மைதான். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்திலும் அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே, ஞானஸ்நானம் பெறாமல் மரித்தவர்களுக்கும், சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர்களுக்கும், தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களுக்கும் இந்த முறை உபயோகிக்கப்படலாகாது என்ற குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். அது இந்த ஆராதனை முறையை யாருக்கு உபயோகிக்கலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. அவர்களுடைய ஆத்துமா எங்கே போகும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கண்டிப்பான காலத்து ஆங்கிலேயர்கூட நிறுத்திக்கொண்ட இடத்தில் நாம் நிறுத்திக்கொள்ளவில்லை.

நம் சபைச் சரித்திரத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. தஞ்சாவூரில் 1798 பிப்ரவரியில் ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் மரித்தபோது, அவரைத் தகப்பனாகவே எண்ணியிருந்த சரபோஜி மன்னர் அழுதார். மன்னர் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. அப்படியிருந்தும் ஐயரின் கல்லறைக்கென்று அவர் எழுதிய வரிகள் அங்கே பொறிக்கப்பட்டன. இலண்டனில் செதுக்கி வரவழைத்த பளிங்குச் சிற்பத்தில் மரணப்படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வரிகளில் மன்னர் ஐயரை அனாதைகளின் தகப்பன் என்றும் விதவைகளின் ஆதரவு என்றும் சொல்கிறார். ஞானஸ்நானம் பெறாத ஒருவர், ஒரு குருவானவரை அவருடைய நற்கிரியைகளைக்கொண்டு நினைத்து எழுதிய சாட்சியை நம் ஆலயம் இரண்டு நூற்றாண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறது. மன்னர் என்பதால் ஏற்றுக்கொண்டோமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று, அவர் "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று அறிக்கையிடுகிறோம். வருகிறவர் அவர். நியாயாசனமும் அவருடையது, எபிரெயர் நிருபம் சொல்லுகிற கிருபாசனமும் அவருடையது. இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறவர் ஒருவரே என்பதுதான் என்னைப்போன்றவர்களுக்கு மரணவேளையில் இருக்கிற ஒரே தைரியம். யாக்கோபு இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்தார்: "இரக்கஞ்செய்யாதவனுக்கு இரக்கமில்லாத நியாயத்தீர்ப்புக் கிடைக்கும்; நியாயத்தீர்ப்புக்குமுன்பாக இரக்கம் மேன்மைபாராட்டும்." தேவனுடைய தண்டனைக்கு நினிவே நகரம் தப்பித்துக்கொண்டதற்காகக் கோபித்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்த யோனாவிடம் கர்த்தர், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம்பேருக்கு அதிகமான மனுஷரைப் பற்றிப் பேசினார், கூடவே அங்கிருந்த மிருகஜீவன்களையும் சேர்த்துக்கொண்டார். ஆடுமாடுகளுக்காகவும் பரிதபிக்கிறவரிடம் ஆயாம்மாவின் வழக்கு போயிருக்கிறது. நீங்கள் ஏன் இன்னும் குடிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

நான் கேட்பது பெரிதல்ல. துக்க வீட்டில் மரித்தவருடைய நித்தியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மோட்சம் என்றும் சொல்லவேண்டாம், நரகம் என்றும் சொல்லவேண்டாம். எந்தச் சங்கீதத்தையாவது வாசித்து, அவர் செய்த நன்மைக்காக ஸ்தோத்திரம் செய்து, அவரைத் தேவனுடைய இரக்கத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் சற்று நேரம் உட்காருங்கள். சுவிசேஷம் சொல்லவேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அதற்கு அந்த மனுஷி உயிரோடிருந்த 74 ஆண்டுகள் இருந்தன. அந்த வீட்டுக்கு உங்களில் எத்தனைபேர் போனீர்கள்? சேகரக் கமிட்டியார், அடக்க வீடுகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு இதை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றும், சபையாரின் பெற்றோராயிருந்து ஞானஸ்நானமின்றி மரிக்கிறவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வரிசை ஒதுக்குவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசவேண்டும் என்றும் விண்ணப்பிக்கிறேன்.

கடைசியாக ஒரு காரியம். நம் வீடுகளில் உலைவைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோகிற கைப்பிடி அரிசிக் காணிக்கை உங்களுக்குத் தெரியும்; அதை விற்ற பணத்தில்தான் உங்களில் சிலருடைய ஊழியச் செலவு நடக்கிறது. மகள் வீட்டில் கடைசி ஐந்து ஆண்டுகளும் உலைவைத்தவர் ஆயாம்மாதான், அந்தப் பிடியை எடுத்துவைத்ததும் அவருடைய கைதான். படுக்கையில் விழுந்த வாரத்தில்கூட மகளைக் கூப்பிட்டு, "ஆண்டவருக்கு எடுத்து வச்சியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பானையில் இப்போது ஏறக்குறைய அரைப்படி அரிசி இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுவரலாமா, அல்லது அதுவும் அழுக்கான கந்தைதானா என்று மகள் என்னிடம் கேட்டாள். நான் கொண்டுவரச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. உங்களில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் அவளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகக் காத்திருக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
திருநெல்வேலி மாவட்டம்